பேரீச்சம்பழமும் லாலிபாப்பும்

காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டைக் காணோம். முந்தின இரவு நான் வந்து இறங்கியபோது நீலச் சுவரும் தண்ணீர்த் தொட்டியுமாக ஒரு மாடிவீடு அங்கே இருந்தது. இப்போது அந்த இடத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு திரை. மார்கழிப் பனி இந்த ஊரிலும் உண்டா என்று ஆசையாக மூச்சை இழுத்தேன். நாக்கில் மண் கரகரத்தது.

"பனி இல்லீங்ணா, புழுதி. சஹாராவிலிருந்து வருது" என்றாள் தங்கை, காபியை நீட்டியபடி. ஹர்மட்டான் என்று பெயராம். டிசம்பரில் கிளம்பும் அந்த வடகாற்று, பாலைவனத்து மண்ணைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, கானா நாட்டுக் கடற்கரையில் என் தங்கை வீட்டு ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. கம்பியில் விரலை வைத்து எடுத்தேன், சந்தனம்போல் ஒட்டியது. சஹாராவைத் தொட்டுவிட்டேன் ஐயா! ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று நினைத்து மெல்லிய சட்டைகளாகவே கொண்டுவந்திருந்தேன். விடிகாலைக் காற்று வறண்டு, சிலுசிலுவென்று உடம்பைத் தொட்டது. துவைத்துப் போட்ட துண்டு ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிட்டது. என் உதடும்தான். தங்கை ஒரு டப்பாவிலிருந்து மஞ்சளாக எதையோ எடுத்துத் தடவச் சொன்னாள். ஷியா மரத்துக் கொட்டையின் வெண்ணெய். புகையும் நெய்யும் கலந்த வாசனை.

தங்கை வீட்டுக்காரருக்குத் தேமா துறைமுகத்தில் வேலை. பூமியைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் பூஜ்யத் தீர்க்கரேகை இந்தத் தேமா நகரத்தின் வழியாகத்தான் ஓடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் இழுத்த கோட்டின்மேல் இட்லி சாப்பிடுவேன் என்று யார் கண்டது?

"மச்சான், இன்னைக்குச் சனிக்கிழமை. ஒரு இடத்துக்குப் போகலாம். குப்பையிலே ரோபோ செய்யுற பசங்க இருக்காங்க. நீங்க சின்ன வயசுலே ரேடியோவைப் பிரிச்சுப் போட்ட கதையெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் மாப்பிள்ளை. நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

கார் இருந்தும் டிரோ டிரோவில் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். டிரோ டிரோ என்பது பழைய வேன். நம் மினி பஸ்ஸின் பெரியப்பா மகன். கண்டக்டருக்கு இங்கே 'மேட்' என்று பெயர். அவர் கதவில் தொங்கிக்கொண்டு "சர்க், சர்க், சர்க்!" என்று கூவுகிறார். அக்ராவின் நடுவில் இருக்கும் குவாமே இங்குருமா சர்க்கிள் என்ற முழுப் பெயரும் அந்த ஒரு சத்தத்தில் அடங்கிவிடுகிறது. "காந்திபுரம், காந்திபுரம்" என்று காதில் விழாத குறைதான். ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் பல்லிடுக்கில் "ட்ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்புகிறார்கள். நம்மூரில் அப்படிக் கூப்பிட்டால் சண்டை வந்துவிடும். இங்கே தண்ணீர்ப் பை விற்கும் பெண்மணி அந்தச் சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறார், தலைமேல் பேசின் ஆடாமல். காசை இடது கையால் நீட்டக் கூடாது என்று மாப்பிள்ளை எச்சரித்தார். அதை எனக்குச் சொல்லவா வேண்டும், எங்கள் ஆத்தா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்த பாடமல்லவா!

கடலோரச் சாலையில் தெஷி என்ற ஊர் வந்தது. ஒரு தச்சுப்பட்டறை வாசலில் ஆளுயர மீன் ஒன்று பளபளவென்று சாயம் பூசிக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு விமானம். சிறுவர் பூங்காவுக்கு என்று நினைத்தேன். சவப்பெட்டிகளாம்! மீனவர் இறந்தால் மீனுக்குள், விவசாயி இறந்தால் கோகோ காய்க்குள். கா இன மக்களின் வழக்கம் இது. பூப்பல்லக்கு கட்டி, தாரை தப்பட்டையோடு அனுப்பிவைக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்த அன்பு உடனே புரிந்தது. வேன் திரும்பும்வரை அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கிளில் இறங்கியதும் எனக்கு ஊர் ஞாபகம் நெஞ்சை அடைத்தது. சென்னை ரிச்சி தெருவைத் தூக்கிவந்து, கூரையைக் கழற்றி, வெயிலில் பரப்பியதுபோல ஒரு சந்தை. குடைக்குக் கீழே ஒரு மேசை, மேசைமேல் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் குனிந்த தலை, அந்தத் தலைக்கு முன்னால் வயிறு திறந்த செல்போன். ஈயப்பற்று உருகும்போது எழும் அந்தக் குங்கிலிய நெடி உலகமெங்கும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டால் நான் எந்தக் கண்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்க முடியாது.

இவ்வளவு சாமானும் எங்கிருந்து வருகிறது? மாப்பிள்ளை வேலை பார்க்கும் துறைமுகம் வழியாகத்தான். ஐரோப்பியர்கள் பயன்படுத்திக் கழித்த மின்சாதனங்கள் பெட்டி பெட்டியாக இறங்குகின்றன. 'ஹோம் யூஸ்டு' என்று அதற்கு இங்கே மரியாதையான பெயர். உயிருள்ளது விற்பனைக்குப் போகும். உயிரற்றது உடைப்புக்குப் போகும். உடைப்புக்கென்றே ஓடோ ஆற்றங்கரையில் அக்போக்புளோஷி என்ற பெரிய பேட்டை இருந்தது. ஒயரைக் கொளுத்திச் செம்பைப் பிரித்தெடுக்கும் இளைஞர்கள், கறுப்புப் புகை, நடுவில் மேயும் மாடுகள் என்று உலகத்துப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பப் படம் போட்ட இடம். 2021 ஜூலையில் அரசு அதை இடித்துத் தள்ளியது. தொழில் சாகவில்லை, சிதறிப் போனது. அந்தப் புகையைப் படம் பிடித்தவர்கள் அதே பேட்டையில் உட்கார்ந்து, பிரித்த பாகங்களிலிருந்து புதுக் கருவிகள் செய்துகொண்டிருந்தவர்களையும் படம் பிடித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். பக்கத்து நாடான டோகோவில், லோமே நகரத்தில், அஃபாதே இன்யிகூ என்ற இளைஞர் பழைய பிரிண்டர், ஸ்கேனர் பாகங்களை வைத்து 2013-இல் முப்பரிமாண அச்சு இயந்திரமே செய்து காட்டினார். செலவு நூறு டாலர் அளவில்.

கம்பி வைத்த பழைய வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றை மாப்பிள்ளை பேரம் பேசி வாங்கினார். பொத்தான் இரண்டு வேலை செய்யாது என்றார் கடைக்காரர், ஒளிவு மறைவில்லாமல். "பொத்தான் வேண்டாம், உதறுதா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. செருகிப் பார்த்தார்கள். உள்ளங்கையில் வண்டு சிக்கியதுபோல உதறியது. அது போதும் என்றார். ஏன் போதும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மதியச் சாப்பாடு வாச்சே. இதைச் சொல்லாமல் போனால் பாவம். அரிசியும் தட்டைப்பயறும் சேர்த்து, சோளத் தோகை போட்டு வேகவைக்கிறார்கள். சோறு செம்மண் நிறத்துக்கு வந்துவிடுகிறது. மாட்டுக்குப் போடும் சோளத்தட்டின் தோகையில் சோற்றுக்குச் சாயம் இருக்கிறது என்று எங்கள் கொங்கு நாட்டில் யாராவது நினைத்ததுண்டா? மேலே ஷிட்டோ என்ற கறுப்புத் தொக்கு. கருவாடும் கூனியும் மிளகாயும் எண்ணெயில் சுண்டியது. ஓரமாகக் கொஞ்சம் நூடுல்ஸ், ஒரு அவித்த முட்டை. அகன்ற பச்சை இலையில் பொட்டலம். கையால் பிசைந்து சாப்பிட்டேன், கரண்டி யாரும் தரவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை.

சாப்பிட்டதும் மாப்பிள்ளை சொன்ன இடத்துக்குப் போனோம். வடக்கே மலை தொடங்கும் இடத்தில், ஒரு வீட்டின் முன்கூடத்தில் ரோபோ வகுப்பு. பத்துப் பதினோரு பிள்ளைகள். வாத்தியார் கை குலுக்கினார். விடும் நேரத்தில் என் நடுவிரலைத் தன் நடுவிரலோடு சேர்த்து ஒரு சொடுக்குப் போட்டார். நான் திகைத்து நிற்க, பிள்ளைகள் வரிசையாக வந்து கற்றுக்கொடுத்தார்கள். ஆறாவது கைக்குத்தான் எனக்குச் சத்தம் வந்தது. கூடமே கைதட்டியது.

பெயர் கேட்டேன். இங்கே பிறந்த கிழமையே பெயராகிவிடும். வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி, ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான்போல. சனிக்கிழமைப் பையன் குவாமே, நாட்டின் முதல் தலைவர் இங்குருமாபோல. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பெண் சனிக்கிழமை பிறந்தவள். சனி என்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் நவக்கிரகத்தையும் நினைக்கிறவன் நான்; அவள் தன் கிழமையை அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். இந்தக் கட்டுரையில் அவளைச் சனிக்கிழமைப் பெண் என்றே சொல்கிறேன்.

வாத்தியார் ஜன்னல் வழியே மலையைக் காட்டினார். புழுதித் திரைக்குள் ஒன்றும் தெரியவில்லை. "அங்கே பெரெகுசோ. அஷேசி பல்கலைக்கழகம்" என்றார். மைக்ரோசாஃப்ட் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பேட்ரிக் அவுவா 2002-இல் தொடங்கியது அது. அஷேசி என்ற சொல்லுக்கு அக்கான் மொழியில் 'தொடக்கம்' என்றே பொருள். அங்கே கணினி கற்பிக்கும் அயோர்கோர் கோர்சா, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து கென் கோல்ட்பெர்க்குடன் சேர்ந்து 2012-இல் உலகுக்கே ஒரு சவால் விட்டார்: பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக, பத்து டாலருக்குள் ஒரு ரோபோ செய்து காட்டுங்கள். அப்போது வகுப்பறை ரோபோப் பெட்டி ஒன்றின் விலை சில நூறு டாலர். பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் போட்டிக்கு வந்தன. முதல் பரிசு வாங்கியவற்றில் ஒன்று தாய்லாந்திலிருந்து டாம் டில்லி என்ற தனி மனிதர் அனுப்பியது. பெயர் லாலிபாட். 8 டாலர் 96 சென்ட். பழைய கேம் கன்ட்ரோலர் ஒன்று, லாலிபாப் மிட்டாய் இரண்டு.

மிட்டாயா? எனக்கு வாய் திறந்தது மூடவில்லை.

சனிக்கிழமைப் பெண் நாங்கள் வாங்கிவந்த கன்ட்ரோலரைக் கவிழ்த்து, ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே சோடா மூடியில் வைத்தாள். உள்ளே இரண்டு கைப்பிடிகளிலும் ஆளுக்கொரு சின்ன மோட்டார். அச்சில் அரைவட்ட இரும்புத் துண்டு ஒன்று ஒருபக்கமாகச் செருகியிருந்தது. விளையாட்டில் கார் மோதும்போது கையில் உதறல் வருகிறதே, இந்தக் கோணல் எடை சுழல்வதால்தான். அதைக் குறட்டால் பிடித்துக் கழற்றினாள். உதறல் போய், உருப்படியான மோட்டார் ஆகிவிட்டது. பிறகு சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டு வெட்டி அச்சின்மேல் போர்த்தினாள். சக்கரம், ஜாம் பாட்டிலின் மூடி. இனிதான் எனக்குப் பிடித்த இடம்: பல்சக்கரமே இல்லை. டியூப் போர்த்திய அச்சு, மூடியின் விளிம்பை நேராக உரசி நிற்கிறது. அச்சின் பருமன் 3 மில்லிமீட்டர், மூடி 60. அச்சு இருபது சுற்றுச் சுற்றினால் மூடி ஒரு சுற்று. வேகம் இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது, வலு அதற்கேற்பக் கூடுகிறது. கல்லூரியில் மூன்று பக்கம் கணக்குப் போட்டுப் படித்த பாடம் ஒரு ஜாம் மூடியில் முடிந்துவிட்டது!

மூளை? கன்ட்ரோலருக்குள் ஏற்கெனவே இருக்கும் சில்லும், யூ.எஸ்.பி. கம்பியும், மறுமுனையில் ஒரு பழைய லேப்டாப்பும். புலன்? கட்டைவிரலால் ஆட்டுகிற இரண்டு குச்சிகள். அவை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கின்றன என்பது கணினிக்கு எண்ணாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் குச்சியின் தலையில்தான் லாலிபாப். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால், ரோபோ எதிலாவது முட்டும்போது மிட்டாயின் கனம் முன்னால் சாயும். நாம் பிரேக் போட்ட பஸ்ஸில் சாய்வதுபோல. எண் மாறும். 'இடித்துவிட்டோம்' என்று ரோபோவுக்குத் தெரியும். தொடு உணர்வு தரும் கருவிக்கு மிட்டாய்க் கடையில் விலை. மழைக்காலத்தில் மிட்டாய் கசிந்து எறும்பு மொய்த்துவிடுமாம். "ஹர்மட்டான்தான் எங்களுக்கு நல்ல சீசன்" என்றார் வாத்தியார்.

அடுத்த பெஞ்சில் உருண்டை வைத்த பழைய மவுஸைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அகச்சிவப்பு விளக்கும் அதைப் பார்க்கும் கண்ணும் ஜோடியாக இருக்கின்றன. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தொடர அது உதவும். மூலையில் மணல் நிரப்பிய வாளி. உப்பிப்போன செல்போன் பேட்டரிகளை அதில் புதைத்துவைத்திருந்தார்கள். யாரும் தொடக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

லேப்டாப்பைத் திறக்கிற நேரத்தில் படக்கென்று கரண்ட் போனது. "டும்சோர்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில். டும் என்றால் அணை, சோர் என்றால் ஏற்று. மின்வெட்டுக்கு இப்படி ஒரு பெயர் வைத்த நாட்டை என்னவென்று சொல்ல! லேப்டாப்பின் பேட்டரி செத்து வருஷங்கள் ஆகிவிட்டன, அதுவும் அணைந்தது. 2012-இல் கோயம்புத்தூரில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்தவனுக்கு இதெல்லாம் சொந்த வீடு. வாசல் திண்ணையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். ஒரு கதை சொல்லச் சொன்னார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் டேப் ரெக்கார்டர் பாடுவதை நிறுத்தியதும் ரகசியமாகப் பிரித்தேன். உள்ளே ஒரு மோட்டார் இருந்தது. டார்ச் செல்லை வைத்ததும் கையில் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அதை வைத்துப் படகு செய்வதா, விசிறி செய்வதா என்று இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மோட்டார் இல்லை. தெருவில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வந்தவரிடம் அம்மா போட்டுவிட்டார். என் பங்குக்கு ஏழு பழம் கிண்ணத்தில் வைத்திருந்தார், ஆசையாக. அழுதுகொண்டே தின்றேன். அம்மா மேல் குற்றமில்லை. பிரித்துப் போட்ட சாமான் குப்பை என்றுதான் எங்கள் தெருவில் எல்லாரும் நினைத்தார்கள்.

மாப்பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல, ஒரு பையன் அதை ட்வி மொழியில் தம்பிக்குச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சனிக்கிழமைப் பெண் மட்டும் கேட்டாள்: "அங்கிள், அந்த மோட்டார் எத்தனை வோல்ட்?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

கரண்ட் வந்தது. அவள் பைத்தான் மொழியில் நான்கைந்து வரி அடித்தாள். இரண்டு மோட்டாரும் நூற்றுக்கு நூறு ஓடட்டும். இடது மிட்டாய் சாய்ந்தால் வலது மோட்டார் ஒரு நொடி நிற்கட்டும். வலது சாய்ந்தால் இடது நிற்கட்டும். அவ்வளவுதான். இந்த மோட்டார்கள் ஒரு திசையில்தான் சுற்றும், ரோபோவுக்குப் பின்னால் போகத் தெரியாது. ஒரு சக்கரத்தை நிறுத்தி, மற்றதைச் சுற்றவிட்டு, ஒதுங்கிப் போகத்தான் தெரியும். ஒரு பொத்தானை அழுத்தினாள். ரோபோ தரையில் "ர்ர்ர்" என்று கிளம்பி, நேராகப் போகாமல் வலதுபக்கம் வட்டமடித்து என் காலைச் சுற்றியது.

நான் கைதட்டினேன். அவள் தட்டவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கைப்பிடி மோட்டார்கள் இரண்டும் ஒரே வலுவாக இருப்பதில்லை. இடது கொஞ்சம் பலசாலி. இடதுக்கு நூறை எண்பதாக்கினாள். இப்போது இடதுபக்கம் ஓடியது. எண்பத்தெட்டு. கிட்டத்தட்ட நேர். ஆனாலும் யூ.எஸ்.பி. கம்பி விறைப்பாக இருந்து பின்னால் இழுத்தது. ஒரு பொடியன் ஓடிப்போய் மூங்கில் குச்சி கொண்டுவந்து, தூண்டில்போலக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோபோவுக்குப் பின்னாலேயே நடந்தான். எண்பத்தொன்பது. ரோபோ கூடத்தைக் கடந்து, சுவரில் முட்டி, இரண்டு மிட்டாய்களும் தலையாட்டி, ஒரு நொடி யோசித்ததுபோல் நின்று, ஒதுங்கி, வாசலை நோக்கிப் போனது.

கூடம் அதிர்ந்தது. சனிக்கிழமைப் பெண் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, விரலால் சொடுக்கினாள். சத்தம் சுத்தமாக வந்தது.

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம். வேலை முடிந்த மிட்டாய்களைப் பிள்ளைகள் பங்கு போட்டார்கள். எனக்கு வந்தது ஆரஞ்சு. திரும்பும் டிரோ டிரோவில் அதைச் சப்பிக்கொண்டே வந்தேன். சூரியன் புழுதிக்குள் பால்நிலாவாக இறங்கிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் கம்பி வைத்த கேம் கன்ட்ரோலரோ, உருண்டை மவுஸோ, ஓடாத டேப் ரெக்கார்டரோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு மூடியும் சேர்த்துப் பிள்ளை கையில் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். பேட்டரி உப்பிய எதையும் மட்டும் கொடுக்க வேண்டாம்.